அலாஸ்கா உட்பகுதியில் திடீரென வரும் வசந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் கடைசியில் காட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குப் பனி. மே இரண்டாம் வாரத்தில் அதே காடு பச்சை. துருவ வட்டத்தை ஒட்டிய ஊர்களின் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "இது நிஜமா, எப்படி?" என்று பலரும் கேட்கிறார்கள். வடக்கு என்று பொதுவாகப் பேசினால் பதில் எங்கும் ஒட்டாது. அதனால் அலாஸ்காவின் உட்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

உட்பகுதி என்றால் எந்த இடம்?

தெற்கே அலாஸ்கா மலைத்தொடர், வடக்கே புரூக்ஸ் மலைத்தொடர், நடுவில் யூகான் ஆறும் அதன் கிளையான தனனா ஆறும் ஓடும் பரந்த நிலம். பெரிய ஊர் ஃபேர்பேங்க்ஸ். அதைத் தாண்டினால் அதிகம் போனால் சில நூறு பேர் வாழும் ஆற்றங்கரைக் கிராமங்கள்: நெனானா, ஈகிள், சர்க்கிள், ஃபோர்ட் யூகான், கலீனா. ஃபோர்ட் யூகான், கலீனா போன்றவற்றுக்குச் சாலையே கிடையாது. குவிச்சின், கோயுகான், ஹான் போன்ற அதபாஸ்கன் பழங்குடி மக்கள் காலங்காலமாக வாழும் ஊர்கள் இவை. கடல் வெகு தூரத்தில் இருப்பதால் குளிரையும் வெயிலையும் தணிக்க எதுவும் இல்லை. ஃபோர்ட் யூகானில் 1915 ஜூனில் 37.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அலாஸ்காவில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் அதுதான். அதே வட்டாரத்தில் குளிர்காலத்தில் மைனஸ் 50ஐத் தாண்டிய நாட்களும் உண்டு.

நிஜமாகவே ஒரே வாரத்தில் எல்லாம் மாறிவிடுமா?

இலை விடுவதைப் பொறுத்தவரை ஒரு வாரம்கூட ஆகாது. ஃபேர்பேங்க்ஸை அடுத்த சேனா ரிட்ஜ் மேட்டில் காடு பச்சை காட்டும் நாளை 1970களிலிருந்து குறித்து வருகிறார்கள். பிர்ச், ஆஸ்பென் மரங்களின் மொட்டுகள் பிரிந்து, தூரத்திலிருந்து பார்த்தால் குன்று முழுக்க மெல்லிய பச்சை தெரியும் நாள் அது. ஊரில் அதற்குக் 'கிரீன்-அப்' என்று பெயர். பெரும்பாலும் மே இரண்டாம் வாரத்தில் வரும். வெயில் நன்றாக அடித்தால் சாம்பல் நிறக் குன்று இரண்டு மூன்று நாளில் பச்சையாகிவிடும். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் திரும்பும்போதே வித்தியாசம் தெரிகிறது என்று அங்குள்ளவர்கள் சொல்வதை நான் முழுசாக நம்புகிறேன்.

ஆனால் அந்த வாரத்துக்குப் பின்னால் மூன்று மாத வேலை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால் கடைசிக் கட்டம் மட்டும் திடீரென்று தோன்றுகிறது. இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது அதைத்தான்.

அப்படியானால் இத்தனை வேகம் எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் வெளிச்சம். ஃபேர்பேங்க்ஸில் டிசம்பர் 21 அன்று பகல் மூன்று மணி நேரம் நாற்பத்து சொச்சம் நிமிடம்தான். ஜூன் 21 அன்று கிட்டத்தட்ட 22 மணி நேரம். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் ஆறே மாதம் என்பதால் மார்ச், ஏப்ரலில் பகல் தினமும் ஆறேழு நிமிடம் நீளுகிறது. வாரத்துக்கு முக்கால் மணி நேரம்! பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு வித்தியாசம் வராது.

சரி, மார்ச்சிலேயே 12 மணி நேர வெயில் வந்துவிட்டதே, பனி ஏன் உருகவில்லை? வந்த வெயிலைப் பனி திருப்பி அனுப்பிவிடுகிறது. புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் வானத்துக்கே பிரதிபலிக்கும். அதனால்தான் மார்ச் மாதம் அங்கே கண் கூசும் அளவு பிரகாசமாகவும், அதே சமயம் கடுங்குளிராகவும் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நாள் முழுக்க வெளியே சுற்றினால் கண் வெந்துபோகும்.

ஏப்ரலில் பகல் வெப்பம் உறைநிலையைத் தாண்டத் தொடங்கும். அப்போதும் வெளியே பெரிதாக எதுவும் மாறியதாகத் தோன்றாது. பனியை உருக்குவதற்கு அவ்வளவு வெப்பம் தேவைப்படுகிறது. பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை அதே பூஜ்ஜியம் டிகிரியில் தண்ணீராக்கச் செலவாகும் வெப்பத்தை வைத்து, அந்தத் தண்ணீரை ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். பனி இருக்கும்வரை சூரியன் தரும் வெப்பத்தை உருகுதலே விழுங்கிவிடும்; தெர்மாமீட்டர் மெதுவாகத்தான் ஏறும்.

அப்புறம் ஒரு கட்டத்தில் பனி கிழிந்து தரை தெரியும். கறுத்த மண்ணும் பழைய இலைச் சருகும் ஒளியை விழுங்கிச் சூடாகின்றன. அந்தச் சூடு பக்கத்துப் பனியை அரிக்கிறது, இன்னும் தரை தெரிகிறது, இன்னும் சூடு. மரங்களின் அடியைச் சுற்றி முதலில் குழி விழுவதும், தெற்கு பார்த்த சரிவு வடக்குச் சரிவுக்குப் பல நாள் முன்பே காய்வதும் இதனால்தான். அந்தச் சரிவுகளில்தான் ஊதா நிறப் பாஸ்க் பூ முதலில் பூக்கும். பனி போய் முடியும்போது மே மாதம் பிறந்திருக்கும். ஒரு நாளுக்கு 17, 18 மணி நேர வெயில். அதுவரை திருப்பி அனுப்பப்பட்ட வெயில், உருக்குவதற்குச் செலவான வெயில் இரண்டும் இப்போது நேராக மண்ணுக்கும் காற்றுக்கும் போகிறது. உடைப்பெடுத்தது போல வெப்பம் ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

மரங்களால் எப்படி அவ்வளவு சீக்கிரம் இலை விட முடிகிறது?

அவை மே மாதத்தில் இலையை உருவாக்குவதே இல்லை, விரிக்க மட்டும்தான் செய்கின்றன. இலையின் கரு போன வருடக் கோடையிலேயே மொட்டுக்குள் உருவாகி, மடிந்து, பிசினால் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. குளிர்காலம் முழுக்க மரம் உறக்கத்தில் இருக்கும். போதுமான குளிரைக் கண்ட பிறகே அந்த உறக்கம் கலையும். அந்தக் குளிருக்கு அங்கே பஞ்சமே இல்லை. எனவே மார்ச்சுக்கு மேல் மொட்டுகள் வெப்பத்துக்காக மட்டுமே காத்திருக்கின்றன. நாளுக்கு நாள் சேரும் வெப்பம் ஒரு அளவைத் தொட்டதும், ஒரே சரிவில் நிற்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் ஏறக்குறைய ஒன்றாக விரிகின்றன. கோடை குறுகியது, ஒரு வாரம் வீணானாலும் மரத்துக்கு நஷ்டம். அவசரப்பட்டுப் பின்பனியில், அதாவது தாமதமாக வரும் உறைபனியில் சிக்கினாலும் நஷ்டம்.

'பிரேக்கப்' என்பது என்ன?

ஆற்றின் மேல் உறைந்திருக்கும் ஐஸ் உடைந்து அடித்துச் செல்லப்படுவது. குளிர்காலக் கடைசியில் தனனா ஆற்றின் ஐஸ் சுமார் ஒரு மீட்டர் தடிமன் இருக்கும். லாரியையே தாங்கும். ஏப்ரல் வெயிலில் அது மேலிருந்து கரைவதோடு உள்ளேயும் பலவீனமாகிறது. செங்குத்தான படிகக் கம்பிகளாகப் பிரிந்து நிற்கும். பார்வைக்குத் தடிமனாக இருக்கும், காலை வைத்தால் பொலபொலவென்று உதிரும். அந்தச் சமயத்தில் தடிமனை நம்பி ஆற்றில் இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு.

உடைவது இரண்டு விதம். இரவுக் குளிரும் பகல் வெயிலும் மாறி மாறி வந்து மெதுவாகச் சூடேறினால் ஐஸ் இருந்த இடத்திலேயே நைந்து, சத்தமில்லாமல் கரைந்து போகும். ஊர் மக்கள் வேண்டிக்கொள்வது இதைத்தான். குளிர் நீண்டு, ஐஸ் கெட்டியாக இருக்கும்போதே சட்டென்று வெயில் ஏறினால் மலைப்பனி மொத்தமாக உருகி, வெள்ளம் கெட்டி ஐஸைத் தூக்கி உடைத்துத் தள்ளும். வீடு அளவு பாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வளைவிலும் தீவுகளிலும் சிக்கி அணை கட்டிவிடும். அணைக்குப் பின்னால் தண்ணீர் மணிக்கணக்கில் ஏறும்.

அப்படி ஊர்கள் மூழ்கியிருக்கின்றனவா?

பலமுறை. 2009 மே தொடக்கத்தில் யூகான் ஆற்றின் ஐஸ் ஈகிள் ஊருக்குள் ஏறியது. ஏப்ரல் கடைசியில் வீசிய கடும் வெப்பம் மேல்பகுதிப் பனியை அவசரமாக உருக்கியதே காரணம். பக்கத்தில் ஹான் மக்கள் வாழ்ந்த ஈகிள் வில்லேஜ் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்தது. ஐஸ் பாளங்கள் மரங்களை முறித்து, வீடுகளை அடித்தளத்தோடு பெயர்த்துத் தள்ளின. பின்னர் அந்த ஊர் ஆற்றிலிருந்து தள்ளி மேட்டில் அமைந்தது.

2013இல் வசந்தம் மிகவும் தாமதமானது. மே நடுவரை குளிர், அதன் பிறகு ஒரேயடியாக வெயில். மே கடைசியில் கலீனாவுக்குக் கீழே பிஷப் ராக் என்ற இடத்தில் ஐஸ் அடைத்துக்கொண்டது. ஊரின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போயிற்று. மக்களை விமானத்தில்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது. 2023 மே மாதம் சர்க்கிள் ஊரில் அதே கதை. திடீர் வசந்தத்தை அழகு என்று மட்டும் எழுதுபவர்கள் இந்தப் பெயர்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வேகம்தான் அங்கே ஆபத்து.

எச்சரிக்கைக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 'ரிவர் வாட்ச்' என்ற திட்டத்தில் தேசிய வானிலை சேவையின் ஆற்று வல்லுநர்களும் மாநில அவசரகால அதிகாரிகளும் சிறு விமானத்தில் ஆற்றின் மேல் பறந்து, எங்கே உடைந்திருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று கிராமம் கிராமமாகத் தகவல் சொல்வார்கள். எந்தக் கரை முதலில் முழுகும் என்ற விவரம் மட்டும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் தெரிய வேண்டும்.

ஐஸ் எப்போது உடையும் என்று பந்தயம் கட்டுகிறார்களாமே?

ஆமாம், நெனானா ஐஸ் கிளாசிக். 1917இல் ரயில் பாதை போட வந்த பொறியாளர்கள் பொழுதுபோக்காகத் தொடங்கினார்கள். அப்போது பரிசு 800 டாலர். இன்றும் தனனா ஆற்று ஐஸின் மேல் ஒரு மரச் சட்டத்தை நட்டு, அதிலிருந்து கரையில் உள்ள கடிகாரத்துக்குக் கயிறு கட்டுகிறார்கள். ஐஸ் நகர்ந்து கயிற்றை இழுத்ததும் கடிகாரம் நிற்கும். அந்த நாள், மணி, நிமிடத்துக்கு மிக நெருக்கமாகச் சொன்னவருக்குப் பரிசு. மூன்று கால் சட்டம் என்று பெயர், உண்மையில் அதற்கு நான்கு கால்.

சூதாட்டமாகத் தொடங்கியது நூறு வருடத்துக்கு மேல் நிமிடச் சுத்தமான பதிவாக நிற்கிறது. மிகவும் முந்தியது 2019 ஏப்ரல் 14. மிகவும் பிந்தியவை 1964, 2013 ஆண்டுகளின் மே 20. இரண்டுக்கும் நடுவே ஐந்து வாரம் என்றால், அங்கே வசந்தம் எவ்வளவு நிச்சயமில்லாதது என்று பாருங்கள்.

அந்தச் சமயத்தில் எப்படிப் பயணம் செய்வார்கள்?

பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். சாலையில்லாத ஊர்களுக்கு ஆறுதான் சாலை. குளிர்காலத்தில் அதன்மேல் ஸ்னோமெஷின் என்ற பனி வண்டி ஓடும், கோடையில் படகு ஓடும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை இரண்டும் முடியாது. சின்ன விமானம் ஒன்றே வழி, அதுவும் மண் ஓடுதளம் சேறாகாமல் இருந்தால். அதனால் விறகு, பெட்ரோல், சாமான்கள் எல்லாவற்றையும் ஆறு கெட்டியாக இருக்கும்போதே சேர்த்து வைத்துவிடுவார்கள்.

ஏப்ரலில் ஒரு தந்திரம் உண்டு. பகலில் இளகிய பனியின் மேல்பரப்பு இரவுக் குளிரில் ஓடு மாதிரி இறுகிவிடும். தூரப் பயணங்களை நள்ளிரவிலும் விடிகாலையிலும் வைத்துக்கொள்வார்கள். பத்து மணிக்கு வெயில் ஏறியபின் கிளம்பினால் வண்டி இடுப்பளவு ஈரப் பனியில் புதைந்துவிடும்.

சாலை இருக்கும் ஊர்களில் எங்கும் சேறு. கீழே நிலம் நிரந்தரமாக உறைந்திருக்கும் இடங்களில் உருகிய தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. முழங்கால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் யாரும் வெளியே போவதில்லை.

பறவைகள் எப்போது வரும்? மக்களுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம்?

கனடா வாத்துகள் ஏப்ரல் நடுவில் வரத் தொடங்கும். ஃபேர்பேங்க்ஸில் 1966 வரை பால் பண்ணையாக இருந்த கிரீமர்ஸ் ஃபீல்ட் வயல்கள் இப்போது பறவைச் சரணாலயம். முதல் வாத்து இறங்கியது என்றால் ஊரே பார்க்கப் போகும். அடுத்து ஊசிவால் வாத்துகள், அன்னங்கள், கொக்குகள். மே கடைசியில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஆர்க்டிக் கதிர்க்குருவி வந்து சேரும்.

கிராமங்களில் இதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு. குளிர்காலம் முழுக்க உலர்ந்த மீனும் உறைந்த மூஸ் (பெரிய மான் இனம்) இறைச்சியும் தின்றபின் கிடைக்கும் முதல் புது இறைச்சி இந்தப் பறவைகள்தான். பல பத்தாண்டுகள் சர்வதேச ஒப்பந்தம் வசந்தகால வேட்டையைத் தடை செய்திருந்தது. பசியும் வழக்கமும் எந்த மாதத்தில் இருக்கின்றன என்று பார்க்காமல் தெற்கில் உட்கார்ந்து எழுதிய விதி அது. 1997இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2003 முதல் கிராமத்தவர் உணவுக்காக வசந்தத்தில் வேட்டையாடுவது சட்டபூர்வமானது. அது வெகு முன்பே நடந்திருக்க வேண்டும்.

அடுத்து சால்மன் வர வேண்டும். இங்கேதான் மனசு கனக்கிறது. ஐஸ் போனதும் வலை பின்னி, மீன் முகாமைத் தயார் செய்வது யூகான் குடும்பங்களின் மே மாத வேலை. சினூக் சால்மன் எண்ணிக்கை சரிந்துவிட்டதால் 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் ஏழு ஆண்டுகளுக்கு யூகானில் அதைப் பிடிப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டன. ஏழு வருடம் என்றால் அப்போது ஐந்து வயதில் இருந்த பிள்ளை, தாத்தாவோடு நின்று மீன் அறுக்கக் கற்க வேண்டிய வயது முழுவதையும் இழக்கிறது.

தவளைகள் உறைந்து உயிர்பிழைக்கின்றன என்பது உண்மையா?

உண்மை. அலாஸ்காவின் காட்டுத்தவளை (வுட் ஃபிராக்) இலைச்சருகுக்கு அடியில் கல்லாக உறைந்து கிடக்கும். இதயம் நிற்கும், மூச்சு கிடையாது. உடம்பில் நிறைந்திருக்கும் குளுக்கோஸ் செல்களைக் காக்கிறது. ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இயற்கையான இடத்திலேயே வைத்துப் பார்த்தபோது, மைனஸ் 18 டிகிரி வரை தாங்கி, ஆறேழு மாதம் உறைந்திருந்துவிட்டு எழுந்தன. மே தொடக்கத்தில், குளத்தின் நடுவில் இன்னும் ஐஸ் மிதக்கும்போதே ஓரத்தில் கத்தத் தொடங்கிவிடும். அவற்றுக்கும் அவசரம்: முட்டை, தலைப்பிரட்டை, தவளை எல்லாம் ஒரே குறுங்கோடையில் முடிய வேண்டும்.

கொசு?

உண்டு, தாராளமாக. முதலில் வருபவை பெரியவை, மந்தமானவை. வளர்ந்த கொசுவாகவே பனிக்கு அடியில் குளிர்காலத்தைக் கழித்தவை. தட்டினால் சிக்கிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து உருகுநீர்க் குட்டைகளிலிருந்து சின்னக் கொசுக்கள் கிளம்பும். அவைதான் நிஜத் தொல்லை.

பிர்ச் சாறு எடுப்பது எப்போது?

ஏப்ரல் பிற்பாதியிலிருந்து இலை விடும்வரை, ஏறக்குறைய மூன்று வாரம். மரத்தில் சின்னத் துளை போட்டுக் குழாய் செருகினால் தண்ணீர் போன்ற இளஞ்சாறு சொட்டும். இனிப்பு மிகக் குறைவு. ஒரு லிட்டர் பாகு காய்ச்ச நூறு லிட்டர் அளவு சாறு வேண்டும். மேப்பிளுக்கு நாற்பது போதும். இலை விட்டால் சாறு கலங்கிக் கசக்கும், அன்றோடு சரி. இன்னொன்று, இலை விட்ட கையோடு பிர்ச் மகரந்தம் காற்றில் பறக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மே நடு மிகவும் கஷ்டமான காலம்.

பச்சை வருவதற்கு முன் காட்டுத்தீ ஆபத்து ஏன்?

பனி போய்விட்டது, புதுப் புல் வரவில்லை, போன வருடப் புல் காய்ந்து கிடக்கிறது, காற்று வறண்டிருக்கிறது. குப்பை எரிக்க வைத்த நெருப்பு ஒன்று போதும். அலாஸ்காவில் சட்டப்படியான தீப் பருவம் முன்பு மே 1இல் தொடங்கியது. 2006இல் அதை ஏப்ரல் 1க்கு முன்தள்ளினார்கள். இலை விட்டதும் ஆபத்து கொஞ்சம் தணியும். ஜூனில் இடி மின்னலோடு திரும்ப வரும். 2004 கோடையில் 66 லட்சம் ஏக்கர் எரிந்தது.

இவ்வளவு சின்னக் கோடையில் தோட்டம் போட முடியுமா?

முடியும். பிரமாதமாக வரும். நாற்றை வீட்டுக்குள் மார்ச், ஏப்ரலில் வளர்த்து, பின்பனி பயம் தீரும் ஜூன் 1 வாக்கில் வெளியே நடுவது ஃபேர்பேங்க்ஸ் வழக்கம். மண் சூடாக வேண்டும் என்பதற்காக மேட்டுப் பாத்தி. அதன்பின் இருபது மணி நேர வெளிச்சத்தில் கோஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் மளமளவென்று வளரும். தெற்கே பால்மரில் நடக்கும் மாநிலக் கண்காட்சியில் 2012இல் ஒரு முட்டைக்கோஸ் 62.7 கிலோ எடை காட்டி உலக சாதனை செய்தது.

வசந்தம் இப்போது முன்கூட்டி வருகிறதா?

வருகிறது. நெனானா பதிவை வைத்து 2001இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 1917ஐவிட ஐஸ் சராசரியாக ஐந்து நாளுக்கு மேல் முன்னதாக உடைவதாகக் காட்டியது. 2019 சாதனை அதற்குப் பிறகு வந்தது. ஃபேர்பேங்க்ஸில் உறைபனி இல்லாத பருவம் ஒரு நூற்றாண்டில் 85 நாளிலிருந்து 123 நாளாக நீண்டிருக்கிறது.

தோட்டக்காரருக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். ஆற்றை நம்பி வாழ்பவருக்கு அப்படியில்லை. ஐஸ் எப்போது பாதுகாப்பு, எப்போது இறங்கக்கூடாது என்று மூன்று தலைமுறை சேர்த்த அறிவு தேதியோடு பின்னிக் கிடக்கிறது. தேதி குலைந்தால் அந்த அறிவின் மேல் வைத்த கால் வழுக்குகிறது. சராசரி முன்னே நகர்ந்தாலும் 2013 போன்ற தாமத வருடங்களும் வராமலில்லை. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நான் அதிகமாக அஞ்சுகிறேன்.

இதைப் பார்க்கப் போவதென்றால் எப்போது?

நான் சொல்வது ஏப்ரல் 25 முதல் மே 15 வரை. சுற்றுலா நிறுவனங்கள் இந்த வாரங்களைச் சேறு என்று தவிர்க்கச் சொல்லும். பனி, ஆறு உடைதல், பறவை, பச்சை நான்கும் ஒரே பயணத்தில் கிடைப்பது அப்போதுதான். நெனானா ஃபேர்பேங்க்ஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம். ஆற்றங்கரையில் நின்று பாருங்கள், ஐஸில் கால் வைக்காதீர்கள். மே கடைசியில் போனால் கன்று ஈன்ற மூஸ் தாய்களிடமிருந்து தள்ளி இருங்கள். எச்சரிக்கை தராமல் மிதிக்க வரும். தங்கும் அறையில் ஜன்னலுக்குக் கெட்டித் திரை இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மே நடுவுக்கு மேல் இரவு சரியாக இருட்டாது.

கிராமங்களுக்குப் போக நினைத்தால் முதலில் அந்த ஊர் பழங்குடிச் சபை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த மூன்று வாரம் அவர்களுக்கு வெள்ளக் காவலும் வேட்டையும் சேர்ந்த வேலை நாட்கள். விருந்தினரைக் கவனிக்க எல்லா வருடமும் ஆள் இருக்காது.